இருமுனைக் கோளாறும் மறதியும்: மூளையில் என்ன நடக்கிறது?

‘பைபோலார்’ எனப்படும் இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு, மனநிலை சீரான பிறகும் மறதி தொடரலாம். சொன்ன வேலை நினைவில் நிற்காது. படித்த பக்கத்தையே மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். இது சோம்பேறித்தனம் அன்று, அக்கறையின்மையும் அன்று. நோயே நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும்.

இருமுனைக் கோளாறு என்றால் என்ன?

மனநிலை இரண்டு எல்லைகளுக்கு மாறிச் செல்லும் நோய் இது. ஒரு கட்டத்தில் அளவுகடந்த உற்சாகம் அல்லது எரிச்சல், தூக்கம் தேவைப்படாத நிலை, யோசிக்காமல் செலவு செய்தல். இன்னொரு கட்டத்தில் ஆழ்ந்த மனச்சோர்வு. 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினர் தங்கள் வாழ்நாளில் இந்நோயை அனுபவித்துள்ளனர்.

நினைவுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

மூளையின் இரு பக்கங்களிலும், காதுகளுக்கு உட்புறமாக, ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற சிறு பகுதி உள்ளது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அதற்குக் கிரேக்க மொழியில் இப்பெயர் வந்தது. அதன் முக்கிய வேலைகள்:

• புதிய தகவல்களை நீடித்த நினைவுகளாக மாற்றுவது
• மன உளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிசோல் அளவுமீறாமல் பார்த்துக்கொள்ள உதவுவது

கார்ட்டிசோல் நெடுநாள் அதிகமாக இருந்தால், ஹிப்போகேம்பஸே பாதிக்கப்படலாம். அப்போது உளைச்சலைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகிறது.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இப்பகுதி சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருப்பதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. ஆனால் எல்லாருக்கும் அப்படி இருப்பதில்லை. மூளைப் படத்தை மட்டும் வைத்து இந்நோயைக் கண்டறியவும் முடியாது.

மருந்தால்தான் மறதி வருகிறதா?

பலர் இப்படி நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சில மருந்துகள் மந்தமாக உணரச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும் அபாயம் அதிகம். நோய் பலமுறை திரும்பியவர்களுக்கு நினைவாற்றல் குறைவாக இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

1949 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டுவரும் மருந்து லித்தியம். அதை உட்கொள்பவர்களின் ஹிப்போகேம்பஸ், உட்கொள்ளாதவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. மறதி உங்களைத் தொந்தரவு செய்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தின் அளவை மாற்றலாம். தைராய்டு, தூக்கக் குறைவு போன்ற வேறு காரணங்கள் உள்ளனவா என்றும் பார்ப்பார்.

நீங்கள் லித்தியம் உட்கொண்டால்

• இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.
• போதிய தண்ணீர் குடியுங்கள். உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்காதீர்கள்.
• வலி மாத்திரை வாங்குமுன் மருந்தாளரிடம் கேளுங்கள்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்றாடம் என்ன செய்யலாம்?

• தினமும் ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
• மருந்துக்கும் சந்திப்புகளுக்கும் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள்.
• சாவி, கண்ணாடி போன்றவற்றை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள்.
• தவறாமல் நடைப்பயிற்சி செய்யுங்கள். மதுவைத் தவிருங்கள்.

குடும்பத்தினருக்கு

“எத்தனை முறை சொல்வது?” என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எழுதிக் கொடுங்கள். அவரது தூக்கம் திடீரெனக் குறைந்தால், மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க உதவுங்கள்.

உதவி தேவையா?

உங்கள் மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். மனநல ஆலோசனைக்கு 1771 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 995ஐ அழையுங்கள்.