டப்பா வேண்டாம்... போன் போதும்! கரைவெட்டியில் ஒரு புதையல் வேட்டை

போன் மேப்பில் ஒரு புள்ளி. அதை நோக்கி நடந்தால் மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் ஒரு நோட்டு. பெயர், தேதியை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இதுதான் ‘ஜியோகேச்சிங்’.

ஜி.பி.எஸ். சிக்னலில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்க அரசு நீக்கியது. ஓரிரு நாளிலேயே, டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாகாணத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, ‘இதுதான் இடம், கண்டுபிடியுங்கள்’ என்று இணையத்தில் எழுதினார். அப்படிப் பிறந்த விளையாட்டு இது. இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

சரி, இதை அரியலூர் மாவட்டம் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்தில் விளையாடலாமா?

டப்பா வைத்து விளையாட முடியாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் நினைத்த இடத்தில் நுழையவோ எதையாவது வைத்துவிட்டு வரவோ கூடாது. விளையாட்டின் விதியும் அதையேதான் சொல்கிறது. நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். குழி தோண்டக் கூடாது. டப்பாவில் தின்பண்டம் வைக்கக் கூடாது, வாசனைக்கு விலங்குகள் வந்துவிடும்.

கரைவெட்டியில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்கு மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வருகிறது. சுற்றுவட்டார நெல்லுக்கும் கரும்புக்கும் இதுதான் உயிர். இதுவரை 198 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது.

குளிர்காலத்து ஸ்டார், வரித்தலை வாத்து. தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகு. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையையே தாண்டி வரும் பறவை! திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்க்க வேண்டும். ஒரு செல்ஃபிக்காகக் கரையிலிருந்து இறங்கி ஓடினால் கூட்டமே எழுந்து பறக்கும். அந்த ஒரு நிமிட ரீல்ஸுக்குச் செலவாவது அது சேர்த்த சக்தி.

அப்படியானால் வேட்டையே கிடையாதா? உண்டு. ஜியோகேச்சிங்கிலேயே ‘எர்த்கேச்’ என்று ஒரு வகை. டப்பாவே இருக்காது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பாறையையும் மண்ணையும் கவனித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் சாத்தனூர் கல்மரம் இதற்கென்றே அமைந்த மாதிரியான இடம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் இதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். இந்தப் பகுதி ஒருகாலத்தில் கடல். இன்று சிமென்ட் லாரிகளில் போகும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் தந்ததுதான். மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள், குழந்தைகளையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆனால், ஒரு சில்லைக்கூடப் பையில் போடாதீர்கள்.

கரைவெட்டியில் டப்பாவுக்குப் பதில் பறவைகள். ‘இபேர்ட்’ ஆப்பை இறக்கிக்கொண்டால் போதும். கரையில் நடந்தபடியே ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கூழைக்கடா என்று பார்த்ததைப் பதியலாம். நேரமும் இடமும் தானாகவே சேர்ந்துகொள்ளும். பொங்கல் விடுமுறையில் போனால், ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் உங்கள் பட்டியல் சேரும்.

கூடு கண்ணில் பட்டால் மட்டும் லொகேஷனோடு ஸ்டேட்டஸ் போடாதீர்கள்.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பைனாகுலர், தொப்பி, தண்ணீர் அவசியம். பளிச் கலர் சட்டை வேண்டாம்.