சில்லின் கறுப்பு உறைக்குள் ஏன் தூள்? சூட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொலைக்காட்சி, 'ரௌட்டர்', கார்... எதன் மின்சுற்றுப் பலகையைப் பார்த்தாலும் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டிகள் இருக்கும்.

அதுதான் சில்லு என்று நினைப்போம். நம் கண்ணுக்குத் தெரிவது சில்லின் உறை மட்டுமே.

பெரும்பாலும் அது எப்போக்சி எனும் பிசின். ஆனால் அதன் எடையில் பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு பிசினே இல்லை, சிலிக்காத் தூள்! சாதாரண மணலில் இருக்கும் அதே சிலிக்காதான்.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சில்லுகளுக்கு இப்படி உறை போடும் ஆலைகள் உண்டு.

தூள் எதற்கு?

2 காரணங்கள்.

- விரிவு: சூடானால் எப்போக்சி, சில்லில் உள்ள சிலிக்கனைவிடச் சுமார் 20 மடங்கு அதிகம் விரியும். சாதனம் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நாளடைவில் இணைப்புகள் விரிசல் விடலாம். சிலிக்கா அவ்வளவாக விரியாது. அதைச் சேர்த்தால் இழுபறி குறையும்.

- வெப்பம்: எப்போக்சியைவிடச் செம்பு ஏறக்குறைய 2,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வெறும் பிசின் சில்லுக்குக் கம்பளி போர்த்தியதுபோல! சிலிக்கா கொஞ்சம் உதவும். அலுமினா தூள் இன்னும் நன்றாகக் கடத்தும்.

கொஞ்சம் தூள் போட்டால் போதாதா?

போதாது. துகள்கள் தள்ளித் தள்ளி இருந்தால் இடையில் உள்ள பிசின் வெப்பத்தைத் தடுக்கும். வாய்க்காலில் கற்கள் தூரத் தூரமாகக் கிடந்தால் எப்படித் தாண்டுவீர்கள்? அதே கதைதான். துகள்கள் நெருங்கித் தொட்டால்தான் பாதை உருவாகும்.

அதற்காக அள்ளிப் போடவும் முடியாது. கலவை கெட்டியாகிவிடும், சரியாகப் பாயாது, காற்றுக்குமிழ்கள் சிக்கும். காற்று பிசினைவிட மோசமாக வெப்பத்தைக் கடத்தும்.

அதனால் பெரிய, சிறிய உருண்டைத் துகள்களைக் கலக்கிறார்கள். கான்கிரீட்டில் கல்லுக்கு இடையே மணல் புகுவதைப்போலச் சிறியவை இடைவெளியை நிரப்பும்.

இறுகிய பிறகு அசையாதுதானே?

அங்கேதான் சிக்கல். எப்போக்சியில் ரப்பரின் மீள்தன்மையும் பாகின் தன்மையும் சேர்ந்தே இருக்கின்றன. சட்டென்று அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். பாரம் மாதக்கணக்கில் இழுத்தால் மெல்ல மெல்ல நீளும்.

குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் நிலைமை மோசமாகும். கண்ணாடிபோல் விறைப்பாக இருந்தது ரப்பர்போல் இளகும், விரிவும் பல மடங்கு கூடும். தூள் இந்த நீட்சியைக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது.

இது சில்லுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. கட்டுமானத்திலும் எப்போக்சி பயன்படுகிறது.

2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் ஒரு கார்மீது விழுந்து பெண் ஒருவர் மாண்டார். கூரையைத் தாங்கிய ஆணிகளைப் பிடித்திருந்த எப்போக்சி பாரத்தில் மெல்ல நீண்டு பிடி விட்டதாக விசாரணையில் தெரியவந்தது. அங்கே சூடு காரணமில்லை. ஓயாத பாரமும் பொருந்தாத பிசினும்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- கைத்தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து மின்னூட்ட வேண்டாம்
- வெயிலில் நிற்கும் காருக்குள் மின்சாதனங்களை விட்டுச் செல்ல வேண்டாம்
- மடிக்கணினியின் காற்றுத் துளைகளை மெத்தையால் மூட வேண்டாம்

உறைக்குள் உள்ள தூள் வெப்பத்தை வெளியே கொண்டுவரும். அங்கிருந்து அது போக வழிவிடுவது நம் கையில்!