சேர்த்து வைத்த பாடல்களுக்குக் கட்டற்ற பிளேயர்

கணினியின் வன்தட்டில் பாடல்களைக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்போர், அவற்றை ஒலிக்கச் செய்யும் மென்பொருளாகிய பிளேயரைத் தேர்ந்தெடுக்கையில் அதன் தோற்றத்தையும் வசதிகளையும் பார்க்கும் அளவுக்கு உரிமத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் பல்லாண்டு உழைப்பில் உருவான ஒரு தொகுப்பு, அதைத் திறக்கும் மென்பொருள் மாறினாலும் நிலைக்க வேண்டுமெனில் உரிமமே முதலில் கவனிக்கத்தக்கது என்பதை அமராக் என்னும் பிளேயரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மூல நிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய வடிவிலான மென்பொருள், எவரும் படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமையுடன் வெளியிடப்படுமானால் அது கட்டற்ற மென்பொருள் எனப்படும். லினக்ஸ் கணினிகளுக்கென அவ்வாறு உருவான அமராக்கின் 1.4 பதிப்பு 2006-இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2008 டிசம்பரில் வந்த 2.0 பதிப்போ முற்றிலும் மாற்றி எழுதப்பட்டு, பழைய பயனர்கள் பலரின் அதிருப்திக்கு உள்ளாயிற்று. தனியுடைமை மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூல நிரல் கையில் இருந்ததால், 1.4-ஐ விரும்பிய சிலர் அதையே அடிப்படையாகக் கொண்டு 2010-இல் கிளெமென்டைன் என்ற பிளேயரை வெளியிட்டனர். அதன் வளர்ச்சி மந்தமானபோது, அதிலிருந்து கிளை பிரிந்து 2018-இல் ஸ்ட்ராபெரி பிறந்தது. இதற்கு நேர்மாறாக, 1997-இல் தோன்றிய வினாம்ப் என்ற பிளேயரின் மூல நிரல் 2024 செப்டம்பரில் பொதுவெளியில் வைக்கப்பட்டபோதும், திருத்திய பதிப்புகளை எவரும் பரப்பக் கூடாது என்று அதன் உரிமம் தடுத்தது. அடுத்த மாதமே அந்த நிரல் அகற்றப்பட்டுவிட்டது. நிரலைப் பார்க்க முடிவதும் அது கட்டற்றதாக இருப்பதும் ஒன்றல்ல.

குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வழங்கப்படும் ஸ்ட்ராபெரி, பாடல்களைச் சேகரிப்போரையும் ஒலித்தரத்தில் அக்கறையுள்ளோரையும் மனத்தில் கொண்டு அமைந்தது. தமிழ்த் திரைப்பாடல்களைச் சேர்த்து வைத்திருப்போருக்கு அதன் மிகப் பெரிய பயன், கோப்புகளுக்குள் எழுதப்பட்டிருக்கும் பாடல், கலைஞர், தொகுப்பு முதலிய குறிப்புகளாகிய டேக்குகளை அது கையாளும் முறையில் உள்ளது. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ படப் பாடல்களைக் கலைஞர் பெயரால் அடுக்கினால் அவை டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, சீர்காழி கோவிந்தராஜன் என்று சிதறிப்போகும், அல்லது ‘பல கலைஞர்கள்’ என்ற ஒரே மூட்டைக்குள் போய் விழும். தமிழ் ரசிகர் தேடுவதோ இசையமைப்பாளர்களாகிய விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பெயரை.

இந்த இடர்ப்பாட்டின் வேர் பழையது. எம்பி3 கோப்புகளுக்காக 1996-இல் உருவான முதல் டேக் முறை கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்கியது. அதில் இசையமைப்பாளருக்கு இடமே இல்லை, கலைஞர் பெயருக்கு 30 பைட்டுகள் மட்டுமே. தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்வதால், அந்த இடத்தில் யூனிகோடுத் தமிழ் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் ‘விஸ்வநாதன்’ என்று எழுதிய உடனே 30-ம் தீர்ந்து, ராமமூர்த்திக்கு இடமில்லாமல் போயிருக்கும். 1998-இல் வந்த இரண்டாம் முறை யூனிகோடையும் இசையமைப்பாளர் புலத்தையும் ஏற்றது. ஸ்ட்ராபெரியில் இசையமைப்பாளர், ஆண்டு, தொகுப்பு என்று விரும்பிய வரிசையில் மூன்று அடுக்குகள் வரை பாடல்களைப் பிரித்துக்கொள்ளலாம். பல பாடல்களை ஒருசேரத் தேர்ந்து இசையமைப்பாளர் புலத்தை ஒரே முறையில் நிரப்பவும் முடியும். கர்நாடக இசைப் பதிவுகளை வைத்திருப்போர், ராகத்துக்கெனத் தனிப் புலமே உருவாக்கிக்கொள்ள இடமளிக்கும் கோட் லிபெட் என்ற மற்றொரு கட்டற்ற பிளேயரையும் பார்ப்பது நலம்.

ஒலியைப் பொறுத்தவரை, லினக்ஸில் இடையிலுள்ள ஒலிச் சேவையகத்தைத் தவிர்த்து, கோப்பில் உள்ள தரவை மாற்றமின்றி ஒலிக்கருவிக்கு அனுப்பும் வசதி ஸ்ட்ராபெரியில் உண்டு. குறுந்தட்டிலிருந்து எஃப்எல்ஏசி என்னும் இழப்பற்ற வடிவில் எடுத்த பதிவுகளுக்கு அது பொருந்தும். மிகுதியாகச் சுருக்கப்பட்ட பழைய எம்பி3-களுக்கு அதனால் பெரிய வேறுபாடு வராது. ஐம்பதுகளின் மெல்லொலிப் பதிவும் இன்றைய உரத்த பதிவும் அடுத்தடுத்து வரும்போது குமிழைத் திருகிக்கொண்டிருக்க நேராதபடி, ஒவ்வொரு பாடலின் உரப்பையும் அளந்து, கோப்பைத் தொடாமலேயே ஒலிக்கும் அளவைச் சமன்செய்யும் இபியூ ஆர் 128 என்ற ஐரோப்பிய ஒலிபரப்பு அளவுமுறை அன்றாடக் கேட்பில் இதைவிடப் பெரிதும் உதவுகிறது.

சோதித்துப் பார்ப்பதற்குப் பழைய பிளேயரை நீக்க வேண்டியதில்லை. பாடல்கள் உள்ள கோப்புறையைச் சுட்டினால் ஸ்ட்ராபெரி டேக்குகளைப் படித்துத் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ளுமே தவிர, கோப்புகளை இடம் மாற்றுவதில்லை. கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கட்டளை மட்டும் விதிவிலக்கு. அதில் மூலக் கோப்புகளை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்ற தேர்வு இருப்பதால், முதல் நாட்களில் வைத்துக்கொள்ளும்படி விடுவதே பாதுகாப்பு. பாடல்களுக்குத் தரும் நட்சத்திர மதிப்பீடும் எத்தனை முறை கேட்டது என்ற கணக்கும் இயல்பாகத் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். அவற்றை டேக்குகளிலும் எழுதுமாறு அமைப்புகளில் குறித்துவைத்தால்தான் வேறு பிளேயருக்கு மாறுகிறவர் அவற்றையும் எடுத்துச் செல்ல முடியும். பாடல் பட்டியல்களை எம்3யூ8 வடிவில், முழுப் பாதைக்கு மாறாகச் சார்புப் பாதையுடன் சேமித்தால், தமிழில் பெயரிட்ட கோப்புகளும் பட்டியலும் ஒரே வெளிவன்தட்டில் வேறு கணினிக்குச் சென்றாலும் பாடல்கள் வரிசை மாறாமல் ஒலிக்கும்.