உங்களுக்குத் தெரியுமா? ஷொக் அப்சோபரின் வேலையே சூடாவதுதான்!

நமுனுகுல மலையின் தோட்டப் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏறிவந்த கெப் வாகனம் நின்றதும், அதன் ஷொக் அப்சோபரைத் தொட்டால் கை சுடும். அது பழுதல்ல. பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்; அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை, உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிழிந்து வெப்பமாக்கி அடக்குவதே ஷொக்கின் வேலை.

• குண்டும் குழியும் விடாமல் தொடர்ந்தால் எண்ணெய் நுரைத்துவிடும். பிறகு ஆட்டம் அடங்காது. நைட்ரஜன் வாயு அடைத்த ஷொக்குகள் வந்தது இதற்காகத்தான்.

• ஹைலக்ஸ், எல்200 போன்ற கெப் வாகனங்களின் பின்பக்கப் பாரம் முழுவதும் ஸ்பிரிங் பட்டைகளின் மேல். கூடுதலாக ஒரு பட்டை போட்டால், உரமூட்டை ஏற்றும்போது பின்பக்கம் தொங்காது. நல்லதுதான். ஆனால் மூட்டையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது வண்டி தவளைபோலத் துள்ளும். சக்கரம் தரையை விட்டெழும். பிரேக்கின் பிடியும் குறையும்.

• பட்டை கூடினாலும் ஏற்றக்கூடிய எடை கூடாது. அச்சும் பிரேக்கும் சட்டகமும் பழையவைதானே!

• வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால் அடிப்பாகம் கல்லில் எளிதில் அடிபடாது, பார்க்கவும் எடுப்பு. ஆனால் ஈர்ப்பு மையமும் சேர்ந்தே உயரும். பசறை வீதியின் வளைவுகளில் அது விளையாட்டல்ல.

புதிய ஷொக், ஸ்பிரிங் செட்டுக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்: பழைய ஷொக்கில் எண்ணெய் கசிகிறதா, ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா?