மிச்சம் 20 டிகிரி

ஊத்தங்கரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளில், துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சுக்குக் கையிருப்பு 20 டிகிரிதான். அதற்குள் போடும் சிஆர்123 லித்தியம் பேட்டரிக்குப் பல தயாரிப்பாளர்கள் கட்டியிருக்கும் வரம்பு 60 டிகிரி. கறுப்பு மேல்பூச்சோடு உச்சிவெயிலில் கிடந்தால் அந்தக் கையிருப்பும் இருக்காது.

இது நம் பக்கத்துக் கணக்கும்தான். 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூர் ஒன்று, திருச்சி இன்னொன்று. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ 7.62×39 ரகத் தோட்டாவைச் சுடுவது.

அந்தத் தோட்டாவில் மருந்து ஏறக்குறைய 1.6 கிராம்; எரிந்தால் சுமார் 6 கிலோஜூல். குண்டு கொண்டுபோவது 2. குழலில் தங்குவது 1 என்று வைப்போம், மீதி புகையோடு போய்விடும். ஒரு கிலோ எஃகை ஒரு டிகிரி சூடாக்க 490 ஜூல் போதும். ஆகக் குழல் ஒரு கிலோ என்றால், ஒரு முறை சுட்டால் 2 டிகிரி, 30 தோட்டா மேகசின் ஒன்றுக்கு 60. எல்லோரும் பயப்படுவது இந்தச் சூட்டுக்குத்தான். ஆனால் டார்ச் குழலைத் தொடுவதில்லை. முன்கைப்பிடியின் ரெயிலில் உட்கார்ந்திருக்கிறது. குழல் சூடு அங்கே வந்துசேர நேரம் பிடிக்கும்.

டார்ச்சின் சொந்தச் சூடு அப்படிக் காத்திருக்காது. 10 வாட் எல்இடியில் 7 வாட் வெப்பமாகிறது என்று கொள்வோம். 100 கிராம் அலுமினிய உடல் டிகிரிக்கு 90 ஜூல் வாங்கும். 20 டிகிரிக்கு 1,800. ஏழால் வகுத்தால் 257 வினாடி. காற்று கொஞ்சம் ஆற்றும் என்றாலும், ஒரு தோட்டாகூட வெடிக்காமலே நாலேகால் நிமிடத்தில் வரம்பு எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் நல்ல டார்ச்சுகள் சூடேறியதும் வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. பெட்டியில் அச்சடித்த 1,000 லூமென் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும்.

அதே ரெயிலில் மாட்டும் குறிபார்க்கும் லேசருக்கு வேறு தொல்லை. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் 60 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.07 மில்லிமீட்டர். அது முழுக்கச் சாய்வாக மாறினால் 100 மீட்டரில் லேசரின் ஒளிப்புள்ளி 7 சென்டிமீட்டர் விலகும். மிக மோசமான நிலைக்கான கணக்குதான், ஆனால் ரெயிலைத் திருகும் ஆள் இதை மனதில் வைத்துத்தான் திருக வேண்டும்.

டார்ச் உடலில் 50 கிராம் கூட்டினால் 900 ஜூல் இடம் கிடைக்கும். இன்னும் 128 வினாடி. உலோகம் கிலோ 300 ரூபாய் என்றாலும் 15 ரூபாய்ச் செலவு. 2019இல் முப்படைகளுக்காக ஒப்பந்தம் செய்த 72,400 சிக் சாவர் துப்பாக்கிகளுக்கும் தலா 50 கிராம் கூட்டினால் 3,620 கிலோ, 10.86 லட்சம் ரூபாய். பணத்தைப் பார்த்தால் அற்பம். ஆனால் அந்த 50 கிராம் தொங்குவது துப்பாக்கியின் மூக்கில். நீட்டிப் பிடித்திருக்கும் கைக்குத்தான் அதன் விலை தெரியும்.