பசியில்லாத மீனுக்குத் தூண்டில்

தூண்டில்காரனுடைய சாஸ்திரம் முழுவதும் மீனின் பசி என்னும் ஒரே அஸ்திவாரத்தின்மேல் எழுப்பப்பட்டது என்றே நாம் சிறு வயது முதல் நம்பி வந்திருக்கிறோம். கண்மாய்க் கரையில் மண்புழுவைக் கோத்துக்கொண்டு குந்தியிருக்கும் பையனும் அந்த நம்பிக்கையிலேயேதான் காத்திருக்கிறான். ஆனால் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பத்தில், மழையும் குளிரும் ஒன்றையொன்று விஞ்சும் டிசம்பர் மாதம் தொடங்கி ஏப்ரல் வரையில், தொடையளவு ஜலத்தில் இறங்கி நின்று தூண்டில் வீசுகிறவர்கள் நாடிச் செல்லும் மீனுக்கு அநேகமாகப் பசியே கிடையாது. கடலில் இருந்த காலத்தில் வயிறாரத் தின்று உடம்பில் சேர்த்துக்கொண்ட கொழுப்பைச் செலவிட்டுக்கொண்டே அது ஆற்றை எதிர்த்து ஏறுகிறது. அதன் நாட்டமெல்லாம் முட்டையிடும் இடத்தை அடைவதில் இருக்கிறதேயன்றி ஆகாரத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஜீவனை ஒரு தக்கையும் ஒரு கொத்து இறகும் எப்படி வசப்படுத்துகின்றன என்பது விசாரித்துப் பார்க்கத் தக்க விநோதம்.

ஸ்டீல்ஹெட் என்று அந்நாட்டார் அழைக்கும் இம்மீன் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, மலையோடைகளில் பெருக்கிய வானவில் டிரவுட்டும் இதுவும் விலங்கியல் நூலார் கணக்கில் ஒரே இனம். ஆற்றில் பிறந்து ஆற்றிலேயே ஆயுளைக் கழிப்பது டிரவுட் என்றும், ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய்ப் பருத்துத் திரும்புவது ஸ்டீல்ஹெட் என்றும் பெயர் பெறுகின்றன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டு வகையும் தோன்றுவதுண்டு. குஞ்சு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, மேனி வெள்ளியாக மாறி, உப்பு நீரைத் தாங்கும் சக்தி பெற்றுக் கடலில் இறங்குகிறது. பிறகு பசிபிக் சமுத்திரத்தில் ஓரிரண்டு ஆண்டுகளோ சற்றுக் கூடவோ சஞ்சரித்து, மூன்று முதல் ஐந்து கிலோ எடையுள்ள மீனாக, பிறந்த ஆற்றின் வாசனையை மோப்பத்தால் அறிந்து அதே ஆற்றுக்கு மீள்கிறது. எடையில் இதைப் போலப் பன்மடங்கு பெரியவையும் உண்டு. 1970-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிடித்த பத்தொன்பது கிலோ மீன், அநுபவசாலிகள் பலரை வெட்கப்படச் செய்துகொண்டு நெடுங்காலம் உலக சாதனையாக நின்றது. பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் மடிந்துவிடுவது வழக்கம். ஸ்டீல்ஹெட்டுக்கோ அந்த விதி இல்லை. மெலிந்து, நிறம் மங்கி, மறுபடி கடலை அடைந்து, தேறி, இரண்டாம் முறையும் திரும்பி வரும் மீன்கள், சிறு பங்கேயாயினும், உண்டு.

ஒலிம்பிக் தீபகற்பத்தின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை சாமானியமானதன்று. ஹோ ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்த ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளில் உற்பத்தியாவதால் பாறை அரைபட்ட தூளைச் சுமந்துகொண்டு பால் கலந்தாற்போல் வரும். அதற்கு வடக்கே ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூரைச் சுற்றி ஓடும் போகச்சீல், கலாவா, சோல்டக் ஆகிய ஆறுகள் மழையையே நம்பியவை. அவை ஒரே இரவில் பெருக்கெடுத்துக் காப்பி நிறமாகும். இரண்டொரு நாளில் வடிந்து தெளியும். பெருகும் ஆற்றில் தூண்டில் போடுவது வீண் பிரயாசை. வடிந்துகொண்டே வரும் ஆறு, அடிமணல் தெரியாமலும் மூன்று நான்கு அடி ஆழம்வரை பார்வை செல்லும்படியும் பச்சை நிறம் கொள்ளும் தருணமே தூண்டில்காரர்கள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவரும் தருணம்.

சாதனங்கள் சொற்பமே. பத்தடிக்குக் குறையாத மெல்லிய கோல், ரீல், தண்ணீரில் மிதக்கும் பின்னல் நூல், அந்த நூலில் வழுக்கி ஏறி இறங்கும் ஒரு தக்கை, தக்கை இன்ன இடத்துக்கு மேல் ஏறாதபடி நூலிலேயே போட்ட ஒரு சிறு முடிச்சு, கீழே ஈயம், அதற்கும் கீழே இரண்டடி நீளத்துக்கு மீனின் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நரம்பு, அதன் நுனியில் ஜிக். முடிச்சை மேலும் கீழும் நகர்த்தினால் ஜிக் தொங்கும் ஆழம் மாறும். முடிச்சு சிறியதாகையால் கோலின் வளையங்களில் புகுந்து ரீலுக்குள் போய்விடும். எனவே பன்னிரண்டடி ஆழத்துக்குத் தூண்டில் விட வேண்டியிருந்தாலும் வீசுவதற்குத் தடையில்லை. இவ்வளவு எளிய உபாயத்தைக் கண்டவன் யாரோ, அவனுக்கு ஒரு நமஸ்காரம்.

ஜிக் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும். பட்டாணி அளவு ஈயக்குண்டு. அதில் வார்த்துப் பதித்த ஒற்றை முள். முள்ளின் தண்டில் பட்டு நூலால் இறுக்கிக் கட்டிய இறகு. மொத்த எடை மூன்றரை கிராமிலிருந்து ஏழு கிராமுக்குள். இறகுக்கு மரபூ என்று பெயர். முற்காலத்தில் ஆப்பிரிக்க நாட்டு மரபூ நாரையின் உடலிலிருந்து எடுத்தார்களாம். இப்போது வான்கோழியின் மென்தூவியைச் சாயம் தோய்த்து அதே பெயரால் விற்கிறார்கள். உலர்ந்திருக்கையில் அது உப்பிக் கிடக்கும். நனைத்து எடுத்தாலோ விரலிடுக்கில் ஈரக் கயிறாகச் சுருங்கிவிடும். ஆனால் ஓடும் ஜலத்தில் தொங்கவிட்டு உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு இழையும் தனித்தனியே விரிவதும் ஒடுங்குவதுமாக, கோலைப் பிடித்திருப்பவன் அசையாதிருக்கும்போதும் தான் அசைந்துகொண்டேயிருக்கும். முள்ளின் காது குண்டின் உச்சியில் அமைந்திருப்பதால் ஜிக் தலைகீழாகத் தொங்காமல் படுக்கைவசமாக, சிறு பிராணி ஒன்று நீந்தும் பாவனையில் நிற்கிறது. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் இறாலையும் மீன் சினையையும் நினைவூட்டுவதால் மிகவும் விரும்பப்படுகின்றன. வெளிச்சம் குறைந்த வேளையில் கறுப்பும் ஊதாவும் கலந்ததே சிறந்ததென்று வாதிடுவோரும் உண்டு. நிறத்தைப் பற்றிய வாதங்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. தூண்டில் செல்லும் ஆழமும் வேகமும் சரியாயிருந்தால் நிறம் மன்னிக்கப்படும்; அவ்விரண்டும் தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது.

அந்த வேகத்தின் சூட்சுமத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறு மேலிருந்து அடிவரை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியிலுள்ள கற்களில் உராய்ந்து கீழ்நீர் தாமதிக்க, மேல்நீர் தடையின்றி விரைகிறது. ஸ்டீல்ஹெட்டோ அடிப்படுகையை ஒட்டி, பாறையின் முன்னோ பின்னோ, விரைவும் மந்தமும் கூடும் எல்லையில், மனிதன் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடும் நீரில் தங்கி இளைப்பாறுகிறது. ஆறடி ஆழமுள்ள அத்தகைய ஓர் இடத்தை நாம் தேர்ந்தெடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீன் மேல்நோக்கிப் பார்க்கும் சுபாவமுடையது. ஆகையால் ஜிக் படுகைக்கு ஓரடி உயரத்தில் செல்லும்படி முடிச்சை ஐந்தடியில் நிறுத்துகிறோம். நமக்கு எதிரே சற்று மேலாற்றில் வீசுகிறோம். தக்கை நிமிர்ந்து ஓடத் தொடங்குகிறது. இப்போதுதான் ஆபத்து. கோலுக்கும் தக்கைக்கும் நடுவே ஜலத்தில் கிடக்கும் நூலை மேல்நீர் முந்திக்கொண்டு இழுத்துப் போய் வில்லாக வளைக்கும். வளைந்த நூல் தக்கையை இழுக்கும். தக்கை ஜிக்கை இழுக்கும். ஆற்றோடு வந்த ஆகாரமாகத் தோன்ற வேண்டியது, யாரோ கட்டி இழுத்துச் செல்லும் வஸ்துவாக மீனின் கண்ணெதிரே ஓடிவிடும். இதைத் தடுக்கவே அந்தப் பத்தடிக் கோல். தூண்டில்காரன் கோலை உயர்த்தி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, நீரில் கிடக்கும் நூலை மட்டும் மெல்லத் தூக்கி மேலாற்றுப் பக்கம் எடுத்துப் போடுகிறான். தக்கை இம்மியும் அசையக் கூடாது. ஒரு வீச்சில் இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். கைதேர்ந்தவன் செய்யும்போது அவன் ஏதோ செய்கிறான் என்பதே கரையில் நிற்பவனுக்குத் தெரியாது.

தக்கையும் பேசத் தெரிந்ததே. அது செங்குத்தாக நின்று, சுற்றிலும் மிதந்து வரும் நுரைக் குமிழிகளைவிடச் சற்று மெதுவாகச் சென்றால் ஜிக் கீழ்நீரின் வேகத்தில் செல்கிறதென்று அர்த்தம். தலை ஓடும் திசையில் சாய்ந்தால் ஜிக் அடியில் உரசிப் பின்தங்குகிறது. ஆழத்தைக் குறைக்க வேண்டும். திடீரென்று தக்கை நின்றாலும், பக்கவாட்டில் ஒதுங்கினாலும், ஜலத்துக்குள் மறைந்தாலும், கல்லா மீனா என்று யோசிக்காமல் நூலின் தளர்ச்சியைச் சுற்றியெடுத்துக் கோலை உயர்த்திவிட வேண்டும். யோசித்து முடிப்பதற்குள் ஈயத்தின் சுவையை அறிந்து மீன் துப்பிவிடும்.

பசியில்லாத மீன் ஏன் கவ்வுகிறது? குஞ்சாக இருந்த ஆண்டுகளில் ஓடிவரும் நீரில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் வாயால் பற்றிச் சோதித்து வளர்ந்த பழக்கம் பெரிய மீனிடமும் எஞ்சியிருக்கிறது என்பர் சிலர். தன் இடத்துக்குள் நுழைந்ததை விரட்டும் கோபம் என்பர் வேறு சிலர். காதருகே ரீங்காரமிடும் ஈயைத் தட்டுகிறவன் பசியினால் தட்டுவதில்லை. மீனுக்குக் கையில்லாத குறையை வாய் தீர்த்துவைக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நீரின் உஷ்ணம் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போய்விட்டால் அது நெடுந்தூரம் நகர்ந்து வந்து கவ்வாது. ஜிக் அதன் மூக்கின் எதிரேயே மெள்ள வந்தாக வேண்டும். தக்கை முறைக்குள்ள பெருமை இங்கேதான் விளங்குகிறது. செயற்கை ஈயைச் சாட்டைபோல் வீசிப் பிடிக்கும் கனவான்கள் இதைப் பாமரர் வேலையென்று இகழ்வதுண்டு. ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில், நாற்பது ஐம்பது அடி தூரம் ஒரு தூண்டிலை நீர் தானாகவே கொண்டுபோவதாகத் தோன்றச் செய்யும் சாமர்த்தியம் எந்த விதத்தில் தாழ்ந்ததென்று எனக்கு விளங்கவில்லை.

பிடிபட்ட மீன் இழுத்துக்கொண்டு ஓடுவதும், அந்தரத்தில் துள்ளிப் புரள்வதும், வேட்டைக் கதைகளில் வேண்டிய மட்டும் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. நான் அவற்றை விட்டுவிடுகிறேன். கரையோரம் வந்ததும் அதன் முதுகில், வாலுக்குச் சற்று முன்பாக, கட்டைவிரல் நுனியளவுள்ள சதைத்துடுப்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொரிப்பகங்களில் வளர்த்து விடப்படும் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பைச் சிறு வயதிலேயே கத்தரித்துவிடுகிறார்கள். துடுப்பு இல்லையென்றால் மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இருந்தால் அது ஆற்றின் சொந்தப் பிரஜை, நீரை விட்டு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அதற்காகவே பின்வளைந்த கூர் இல்லாத முள்ளை மட்டும் அனுமதிக்கிறார்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அணைகளும், மரம் வெட்டிய சரிவுகளிலிருந்து வழிந்த மண்ணும், அளவுமீறிய பிடிப்பும் சேர்ந்து இயற்கை மீன்களை அருகச் செய்துவிட்டன. பியூஜெட் வளைகுடா ஆறுகளின் ஸ்டீல்ஹெட், 2007-ஆம் ஆண்டில் அபாயத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், மாநில மீன்வளத் துறை கடற்கரை ஆறுகளில் படகிலிருந்து தூண்டில் போடுவதையும் இரை கோப்பதையும் அந்தப் பருவத்துக்குத் தடுத்தது. ஜிக்கின் முள்ளில் இறால் துண்டு சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் வெறும் இறகை நம்பிக் கரையில் நிற்க வேண்டியதாயிற்று. இவர்களுடையதைவிடப் பழைய உரிமை ஒன்றும் அங்கே உண்டு. 1850-களில் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, பிடிக்கக்கூடிய மீன்களில் பாதி ஆதிக்குடிகளுக்கு உரியது என்று நீதிபதி போல்ட் 1974-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தீபகற்பத்தின் வடபுறத்திலுள்ள எல்வா ஆற்றில் 1913-ஆம் ஆண்டிலும் 1927-ஆம் ஆண்டிலும் கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகளும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் இடித்தெடுக்கப்பட்டன. அணைகளுக்கு மேலே நூறாண்டுக்காலம் அடைபட்டு வெறும் டிரவுட்டாக வாழ்ந்த மீன்களின் சந்ததி, வழி திறந்ததும் கடலுக்குச் சென்று, கோடைக்கால ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வரத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டு முதல் அந்த ஆற்றில் மீன்பிடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் எல்வா கிளாலம் குடியினர் சடங்குக்கும் உணவுக்குமாகக் கோஹோ சால்மன் பிடிக்க, அந்த நிறுத்தத்துக்குப் பின் முதன்முறையாக அனுமதி பெற்றனர். ஸ்டீல்ஹெட்டுக்குத் தூண்டில் போட அப்போதும் யாருக்கும் அனுமதி தரப்படவில்லை.