சின்னத் தொட்டியில் மென்பவளம் ஏன் வெளுக்கிறது?

அண்டாத் தண்ணீர் சூடேற நேரமாகும். டம்ளர் தண்ணீர் சட்டென்று சூடாகிவிடும். உங்கள் வீட்டுச் சின்னக் கடல்நீர்த் தொட்டியும் டம்ளர் போலத்தான். மதிய வெக்கையும் விளக்கின் சூடும் அதைச் சீக்கிரம் எட்டிவிடும்.

அதனால் மென்பவளத்துக்கு என்ன ஆகிறது? அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு சமைத்து, அதையே வாடகையாகத் தருகின்றன. பவளத்தின் நிறத்திலும் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

சூடு மிஞ்சினால் பாசியின் சமையல் கெட்டு, நச்சு கசியும். பவளம் குடித்தனத்தையே வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும்.

எப்படிக் காப்பாற்றலாம்? தண்ணீரை 24 முதல் 26 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள். வெயில் நாளில் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடட்டும். ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துச் செல்லும். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றுங்கள், உப்பு ஏறாது.